மிச்சரின் வால் நுனி

திருப்பூரில் ஒரு பூனையின் உடம்பிலிருந்து நிறம் கழன்று மனிதர் கையில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள், டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள், யாராவது ஒரு மகராசன் கற்பூரம்கூடக் கொளுத்துவான். நாங்கள் கேட்டதோ ஒரே ஒரு கேள்விதான். எந்தப் பட்டறையில் சாயம் போட்டது? வெள்ளைத் துணி காலையில் சிவப்பாகி, காய்ந்து, தைத்து, மடித்து, பெட்டியில் அடைபட்டுக் கடல் தாண்டிப் போகிற ஊர் இது. சாக்கடை கிழமைக்கொரு நிறத்தில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சாயம் ஒட்டுவதும் சாயம் போவதும் எங்களுக்கு வெயிலும் மழையும் மாதிரி. அதனால் கோகிலவாணியின் பூனை கபேயில் முறுக்கு என்கிற பூனையின் வரிகள் பிரேமலதாவின் உள்ளங்கைக்கு இடம் மாறியபோது யாரும் அலறவில்லை. நம்மை ஏமாற்றிவிட்டாள் என்று கோபப்பட்டோம், அவ்வளவுதான்.

கோகிலவாணி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கட்டிக்கொண்டு போன வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்து தனியாக இருந்த காலத்தில், கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே கண் திறக்காத ஒரு குட்டி கிடந்தது. வெள்ளையும் கறுப்பும் ஆரஞ்சும் கலந்து, எந்த நிறம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல், துணித் துண்டோடு துணித் துண்டாக. அதற்கு மிச்சர் என்று பெயர் வைத்து, பஞ்சில் பாலை நனைத்துப் புகட்டி வளர்த்தாள். வேலை முடிந்து வீடு திரும்பும்போது கதவுக்குப் பின்னால் தனக்காக ஒரு ஜீவன் காத்திருக்கிறது என்பதே அவளை அந்த வருஷங்களில் உயிரோடு வைத்திருந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் வேலையை விட்டாள். எங்கள் வீதியில், முன்பு அயர்ன் யூனிட் நடந்த கட்டடத்தைப் பிடித்து, தெருவிலிருந்து எடுத்து ஊசி போட்டுத் தேற்றிய இன்னும் மூன்று பூனைகளோடு கபே திறந்தாள். வரி வரியாக இருந்தது முறுக்கு, கன்னங்கரேல் என்று இருந்தது எள்ளுருண்டை, ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை பால்கோவா. காபி போடுகிற இடம் ஒரு பக்கம், பூனைகள் ஒரு பக்கம், நடுவில் கண்ணாடி. இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் தடவலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். மிச்சர் மட்டும் கவுன்ட்டரில் கோகிலவாணியின் முழங்கைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். அது வீட்டுப் பிள்ளை, யாரும் கை வைக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நாங்களும் வைக்கவில்லை.

வாசலை ஒட்டி ஒரு வாஷ் பேசின், அதற்கு மேலே ஒரு போர்டு: பூனைகளைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவவும். அதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"ஏனுங்க்கா, மாத்தி எழுதிப் போட்டீங்களா? தொட்டதுக்கு அப்புறந்தானுங்க கை கழுவோணும்?" என்று கேட்டது பிரேமலதாதான். பக்கத்து கம்பெனியில் காலர் தைக்கிறவள், ஷிப்ட் முடிந்ததும் முதலில் வந்து உட்காருகிறவள்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன். வண்டி ஓட்டுன கை, போனை நோண்டுன கை, காலைல தின்ன போண்டா எண்ணெய் வேற. அது தன் உடம்பை நாக்காலதான் தொடைக்குது. உன்ற கைல இருக்கறது பூராவும் அது வயித்துக்குத்தான போகுது?" என்றாள் கோகிலவாணி.

"நாங்க தினமும் ரெண்டு வேளை குளிக்கறமுங்க."

"பூனை நாள் பூராவும் குளிக்குது, தாயி."

இருந்தும் யாரும் கேட்கவில்லை. உள்ளே வரும்போது வாஷ் பேசினைத் தாண்டி நேராகப் பூனையிடம் போவோம்; வெளியே போகும்போது வரிசை கட்டி நின்று முழங்கை வரைக்கும் நுரை போட்டுக் கழுவுவோம். வீட்டில் அம்மாக்கள் கேட்கிற கேள்வியே அதுதான், பூனையைத் தொட்டியா, கையைக் கழுவினாயா என்று. இவன் கழுவாமல் தொட்டானா என்று பூனையைப் பார்த்துக் கேட்க அதற்கு அம்மாவும் இல்லை, கேட்டாலும் நமக்குப் புரியப்போவதும் இல்லை. கோகிலவாணி மட்டும் தொடும் முன்னும் கழுவுவாள், தொட்ட பின்னும் கழுவுவாள். செக்கிங்கில் இருந்தவள் அப்படித்தான் இருப்பாள்.

நிறம் கழன்ற அன்று பிரேமலதா கையை விரித்துக் காட்டினாள். முறுக்கின் முதுகு வரிகளில் நாலு அவள் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் அழகாகப் படிந்திருந்தன. முறுக்கின் முதுகில் அந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"பூனைக்குச் சாயம் அடிச்சு வெச்சிருக்கீங்களாக்கா?"

கோகிலவாணி அழாத குறையாக மறுத்தாள். சாயப்பட்டறை சென்னியப்பனைக் கூட்டி வந்தோம். அவர் கொண்டுவந்த வெள்ளைத் துணியை முறுக்கின் மேல் அழுத்தித் தேய்த்தார், ஈரத்துணியால் தேய்த்தார், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு துளி நிறம் ஒட்டவில்லை. பிறகு தன் கையால் ஒரு தடவை தடவினார். இரண்டு வரி வந்து ஒட்டிக்கொண்டது.

"சாயம் இல்லீங்க. துணிக்கு வர்றதில்ல, கைக்கு மட்டும் வருது. அம்மணி மேல தப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அந்த வரிகளைத் தன் சம்சாரத்திடம் காட்டப் போய்விட்டார்.

ஏமாற்றவில்லை என்று தெரிந்தபின் எங்களுக்கு வேறென்ன வேண்டும்? கல்யாண வீட்டுப் பெண்கள் மருதாணிக்குப் பதிலாக முறுக்கிடம் வந்து கையை வரி போட்டுக்கொண்டு போனார்கள். காலேஜ் பையன்கள் கழுத்தில் தேய்த்துக்கொண்டார்கள். அந்தச் சாம்பலுக்குப் பொருந்துகிற நூலைத் தேடிச் சிலர் கடை கடையாக அலைந்தார்கள். எள்ளுருண்டையின் பாடுதான் பெரிய பாடு. அதன் கறுப்பு எந்தக் கண்மையையும்விடச் சுத்தமாக இருக்கிறது, பிள்ளையின் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லிவைக்க, கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் வந்து பூனையின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். நாளடைவில் எள்ளுருண்டையின் உடம்பெல்லாம் கட்டைவிரல் அளவுக்கு வெளிறிய வட்டங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் திருஷ்டி கழிந்தது, பூனைக்குப் பட்ட கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கையில் வந்த நிறம் சோப்புப் போட்டால் போய்விடும். நாங்களோ சோப்புப் போடாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் அல்ல. ஆசைக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பேசினில் கழுவிவிட்டுப் போய், மறுநாள் திரும்ப வருவோம். கபேக்கு வெளியே சாக்கடை சாம்பலும் கறுப்புமாக ஓடியது. எங்கள் ஊரில் சாக்கடை நிறம் மாறினால் யாராவது போன் போட்டுவிடுவார்கள். தண்ணீர் சோதிக்கிற அதிகாரி ஒருவர் பாட்டிலோடு வந்து, சாயத் தண்ணியச் சுத்தம் பண்ற மெஷின் எங்கம்மா என்று கேட்டார். கோகிலவாணி வாஷ் பேசினைக் காட்டினாள். அவர் சிரிக்காமல் ஒரு பாட்டில் பிடித்தார், எள்ளுருண்டையை இரண்டு தடவை தடவினார், கறுத்த கையைப் பார்த்தார், கழுவினார், அதையும் ஒரு பாட்டில் பிடித்தார். தண்ணீரில் சாயம் ஏதுமில்லை என்று சில நாள் கழித்துத் தாள் வந்தது.

பால்கோவாவின் விஷயத்தைத்தான் நாங்கள் கவனிக்கவில்லை. வெள்ளை கையில் ஒட்டினால் யாருக்குத் தெரியும்? மாவு மிஷினில் வேலை செய்கிறவர் கை மாதிரி லேசாக வெளுத்திருக்கும், கழுவினால் போய்விடும். ஒரு மத்தியானம் அது பால் குடித்தபோது, பால் தொண்டை வழியாக இறங்கி வயிற்றில் போய்த் தேங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. அடுத்த வாரம் வயிறும் தெரியவில்லை. இதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம். உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்த்தோம், "பாத்து, பால்கோவா இருக்கப் போகுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், மடியில் கனம் ஏறினால் அங்கேயே தடவிக் கொடுத்தோம். கோகிலவாணி அதன் கழுத்தில் மணி கோத்த ஒரு சிவப்புப் பட்டை கட்டினாள். அப்புறம் ஒரு சிவப்புப் பட்டை தரைக்குக் கொஞ்சம் மேலே மணியடித்துக்கொண்டு கபேக்குள் நடந்து திரிந்தது, நாங்கள் காபி குடித்தோம்.

ஒரு நாள் அந்தப் பட்டை அறுந்து வாசலில் கிடந்தது. யாரோ கதவைச் சாத்தாமல் போயிருக்கிறார்கள். வெளியே லாரிகளும் கம்பெனி வேன்களும் போகிற ரோடு. கோகிலவாணி கையில் பால் தட்டோடு வீதி வீதியாகப் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டைக் கீழே வைத்து, பால் குறைகிறதா என்று குத்தவைத்துப் பார்த்தாள். குறையவில்லை. செத்த பூனையைப் புதைக்கலாம், திருடு போன பூனையைத் தேடலாம். கண்ணுக்குத் தெரியாத பூனைக்கு என்ன செய்வது? அவள் திரும்பி வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்து மிச்சரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் மிச்சரின் வயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. கோகிலவாணி போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"யாரு தொட்டது? எத்தனை தடவ சொன்னேன்? எனக்குத் தெரியாம யாரு மிச்சரைத் தொட்டது?"

அன்றே பழைய போர்டை இறக்கிவிட்டுப் புதுப் போர்டு மாட்டினாள்: பூனைகளைத் தொடக்கூடாது. எங்களுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"தொடறதுக்குத்தானுங்க்கா வர்றோம். சும்மா பாத்துட்டுப் போறதுக்கு எங்க வீதிலயே பூனை இருக்குதுங்களே" என்றாள் பிரேமலதா.

"எட்டு மணி நேரம் மிஷின்ல உக்காந்து எந்திரிச்சா முதுகு ஒடையுதுன்னு நீதான சொல்லுவ? உன்ற முதுகை வர்றவன் போறவன் எல்லாம் தடவினா சும்மா இருப்பியா?"

"நான் மனுசிங்க்கா."

"அதுக்குச் சொல்லத் தெரியலைன்னு வெச்சுக்க."

சென்னியப்பன் சமாதானத்துக்கு வந்தார். "அம்மணி, இது பெரிய சங்கதியே இல்ல. உப்பு பத்தாம இருந்திருக்கும். வெதுவெதுன்னு உப்புத் தண்ணில ஒரு ராத்திரி ஊற வெச்சு எடுத்தமுன்னா இருக்கற நிறமாச்சும் கெட்டியா நிக்கும். நாங்க பனியனுக்கு அப்படித்தான் பண்றது." கோகிலவாணி கையிலிருந்த டம்ளரை ஓங்கினாள். அவர் உயிருள்ள பூனைக்கும் பனியனுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை, உதவி செய்ய வேண்டும் என்கிற ஆசையில் சொன்னதுதான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பிரேமலதா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராக வந்து நாற்காலியில் விழுந்தாள். போர்டு மாட்டுவதற்கு முந்தின நாள் எடுத்த வரிகள் அவள் இடது கையில் அப்படியே இருந்தன; சாப்பிடுகிற கைக்குத்தான் சோப்பு, இடது கை வரி அழகாக இருக்கிறது, போகும்போது போகட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள், இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. முறுக்கு வந்து மோந்து பார்த்தது. பிறகு தன் கன்னத்தை அந்தக் கையில் தேய்த்தது, முதுகை வளைத்து வாலோடு சேர்த்துத் தேய்த்தது. அவள் கண் விழித்தபோது உள்ளங்கை சுத்தமாக இருந்தது, முறுக்கின் முதுகில் நாலு வரி திரும்பியிருந்தது.

காபி டம்ளர்களோடு நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். புரிந்துகொள்ளப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. நம் கை பூனையைத் தேடிப் போனால் நிறம் நமக்கு வரும். பூனை நம் கையைத் தேடி வந்தால் அதன் நிறம் அதற்குப் போகும்.

கோகிலவாணிக்கு முகத்தில் உயிர் வந்தது. யார் கையில் நிறம் மிச்சம் இருந்தாலும் வந்து கையை விரித்து உட்காருங்கள், காபி நான் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னாள். ஊரே வந்தது. சோப்புக்குச் சோம்பல்பட்ட காலேஜ் பையன்கள் அன்றைக்குப் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள். அவர்களின் அழுக்குக் கழுத்துகளிலிருந்து முறுக்கு தன் வரிகளைப் பாதிக்கும் மேல் திரும்ப எடுத்துக்கொண்டது. தலைக்கு ஊற்றாத கைக்குழந்தைகளின் கன்னத்தைத் தேடிப் போய் எள்ளுருண்டை பொட்டை நக்கி எடுத்தது. "ஐயோ, கிருமி!" என்று தாய்மார்கள் கத்தினார்கள், குழந்தைகள் கெக்கலித்துச் சிரித்தன. சுத்தமாக வளர்ந்த மற்றவர்களான நாங்கள் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் பங்கு நிறம் சாக்கடையில் போய், ஆற்றில் போய், எப்போதோ கடலைச் சேர்ந்திருக்கும்.

"மிச்சரோடது யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள் கோகிலவாணி. ஒரு கையிலும் வெள்ளையும் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம் இல்லை. அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள், கம்பெனியில் பீஸ் பார்க்கிற மாதிரி, கையைத் திருப்பித் திருப்பி. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். திட்ட மாட்டேன். எடுத்தவங்க குடுத்துருங்க. அதுக்கு இன்னும் வால் நுனிதான் பாக்கி" என்றாள். மிச்சர் அப்போது கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எலுமிச்சம்பழ அளவு ஆரஞ்சு, அந்தரத்தில் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தது.

பிரேமலதாதான் எழுந்தாள். சொல்ல வேண்டாம் என்று எங்களில் சிலர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தோம்.

"அக்கா, மிச்சரை நீங்க யாரையும் தொட விட்டதே இல்லீங்களே."

கோகிலவாணி தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறி ஊறிச் சுருங்கியிருந்தது. மிச்சரைத் தடவிய பிறகு கையில் மங்கலாக ஒரு பழுப்பு இருக்கும், மூன்று நிறமும் கலந்தால் வருகிற பழுப்பு. காபி டிகாஷன் கறை என்று நினைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு முறையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். ஊரிலேயே சுத்தமான கை அவளுடையதுதான். பாலூட்டி வளர்த்த நாளிலிருந்து, அழுத நாளெல்லாம், பால்கோவா போன துக்கத்தில் அந்த ஒரு வாரம் முழுக்க, அவள் கைதான் தேடிப் போயிருக்கிறது. அன்பாகத்தான் போனது. பூனைக்கு அதில் எந்த வித்தியாசமும் இல்லை.

அவள் அழுததை நாங்கள் பார்த்தோம். அழுகையோடே அவள் கை பழக்கத்தில் மிச்சரை நோக்கிப் போயிற்று, பாதி வழியில் நின்றது. அந்தக் கையை அவள் இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

இப்போதும் கபே நடக்கிறது. முன்பு வந்த கூட்டத்தில் பாதிதான் வருகிறது, வருகிறவர்கள் கையை மடியில் மலர்த்தி வைத்து உட்காருகிறார்கள். முறுக்கு சிலரிடம் போகும், சிலரிடம் போகாது. வருஷக் கணக்காக வந்தும் சென்னியப்பனிடம் ஒரு பூனையும் போனதில்லை. அவர் விடாமல் வருகிறார், பேப்பர் படித்துவிட்டுப் போகிறார். மாலையில் வாசலுக்கு வெளியே ஒரு தட்டில் பால் வைக்கிறார்கள். காலையில் தட்டு காலியாக இருக்கும், யார் குடித்தது என்று நாங்கள் விசாரிப்பதில்லை. மிச்சர் எப்போதாவது வெளியே வந்து ரோட்டைக் கடக்கும். ரோட்டுக்கு ஒரு முழம் மேலே ஒரு துண்டு ஆரஞ்சு மிதந்து போவதைக் கண்டால் கம்பெனி வேன்கூட பிரேக் போட்டு நிற்கும். பின்னாலேயே கோகிலவாணி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

சாயங்காலம் மிச்சர் தானாக அவள் மடிக்கு வரும். அவள் அதற்கு முன்பே இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, தன் கை மேலேயே உட்கார்ந்துகொள்வாள். மடியில் சேலை ஒரு குழியாக அமுங்கும், குழியின் ஓரத்தில் ஆரஞ்சு வால் நுனி அசையும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் குர்ர்ரென்று சத்தம் கேட்கும். அவள் மிச்சரோடு பேசுவாள், அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று. சில நாள் பேச்சு நின்று கண்ணீர் வழியும். துடைக்கக்கூட அவள் கையை வெளியே எடுப்பதில்லை. பிரேமலதாதான் எழுந்து போய்த் துடைத்துவிடுவாள், முதலில் பேசினில் கையைக் கழுவிவிட்டு.